முதல் கணக்கு தொடங்க வரும் பிள்ளைகளுக்காக, வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கிளை மேலாளர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு சிறு நகரத்து அரசு கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல், அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். வங்கிக்குள் தன் பெயரில் ஒரு வேலையாகப் போவதும் அவர்களுக்கு அப்போதுதான் முதல் தடவை. அந்த முதல் நாளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

போன வருடம் முதலாமாண்டு மாணவி ஒருத்தி போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "மேடம், யாரோ என் காசை எடுத்துட்டாங்க." புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு வந்த 1000 ரூபாயில் 590 ரூபாய் காணோம். வாங்கிப் பார்த்தேன். எடுத்தது திருடன் இல்லை. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு 500 ரூபாய் அபராதம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90 ரூபாய். அவளுக்கு மிஞ்சியது 410. அந்த மாதத்துப் பஸ் செலவையும் நோட்டுச் செலவையும் அந்த ஆயிரத்தை நம்பித்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

கல்லூரி சேர்க்கை நடந்தபோது வாசலில் மேசை போட்டிருந்தவர்கள் அவளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பம் முழுக்க ஆங்கிலம். பென்சிலில் டிக் போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆதாரையும் அதே மேசையில் இணைத்துவிட்டார்கள். கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ, ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் அங்கேதான் போய் விழும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போனேன். "படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டார்கள். ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றித் தரச் சொன்னதற்கு, அப்படி ஒரு வசதியே இல்லை என்றார்கள். அந்தப் பதிலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஏனென்றால் வசதி இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்னும் இந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கை வயது, வருமானம் என்று எந்த நிபந்தனையும் வைக்காமல் எல்லோருக்கும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2012 ஆகஸ்ட்டிலேயே சொல்லிவிட்டது. அதில் இருப்பு எதுவும் வைக்கத் தேவையில்லை, ஏடிஎம் கார்டு இலவசம், மாதத்துக்கு 4 முறையாவது கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். ஏற்கெனவே உள்ள சாதாரணக் கணக்கையும் கேட்டால் அப்படி மாற்றித் தர வேண்டும். நாங்கள் அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போன பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். பிடித்த பணம் மட்டும் திரும்பவில்லை.

இருப்பு குறைந்தால் முதலில் தகவல் சொல்லி ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும் என்பதும் 2015 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள விதிதான். தகவல் வந்திருந்தது. பத்து விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவில், ஆங்கிலத்தில். பதினெட்டு வயதுப் பெண் அதை எப்படிப் பிரித்தறிவாள், சொல்லுங்கள்.

உங்கள் துறையால் முடியாதது ஒன்றுமில்லை. 2005 கடைசியில் புதுச்சேரிப் பக்கம் மங்கலம் கிராமத்தில் வீட்டுக்கு வீடு கணக்குத் தொடங்கிக் காட்டியது நம் இந்தியன் வங்கி. 2020 மார்ச்சில் ஸ்டேட் வங்கி எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் குறைந்தபட்ச இருப்பையே எடுத்துவிட்டது. உங்கள் ஊழியர்களின் வேலைச் சுமையும் எனக்குத் தெரியும், பக்கத்து ஊர்க் கிளையில் ஒரே கவுண்ட்டரில் நூறு பேர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் முதல் கணக்குக்கு வரும் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு வகைக் கணக்கையும் தமிழில் சொல்லி, எது வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். தங்களுக்குப் பிறகு பணம் யாருக்கு என்று குறிக்கும் நாமினி பெயரை எழுத வையுங்கள். ஓடிபியை மேலாளரே கேட்டாலும் சொல்லக் கூடாது என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். "பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் கொடு, ஐயாயிரம் தர்றேன்" என்று கல்லூரிப் பசங்களைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். எவரிடமோ ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். பிறகு கணக்கு முடங்கும், போலீஸ் வீட்டுக்கு வரும். நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். கார்டைக் கையில் கொடுக்கும்போது நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் அதன் எடையே வேறு.

வரும் சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்கும் முதல் வாரத்தில், உங்கள் ஊரில் இருக்கும் கல்லூரிக்கு ஓர் ஊழியரை அனுப்பிவையுங்கள். திரையில் படம் காட்டுவதெல்லாம் வேண்டாம். ஒரு செலான், ஒரு பாஸ்புக், ஒரு விண்ணப்பம் கொண்டுவந்து தமிழில் பேசினால் போதும். எங்கள் கல்லூரியில் மதியம் 2 மணிக்கு மேல் கூடம் காலியாக இருக்கும். பிள்ளைகளை நான் உட்கார வைக்கிறேன்.

அன்புடன்,
ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியை