43 நாளில் பிரிந்த ஓட்டச் சப்பாத்து: 28,800 ரூபாவைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம்

யாழ்ப்பாணம்,
28.07.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: யாழ். கிளையில் 24.05.2025 அன்று வாங்கிய ஓட்டச் சப்பாத்து (யூகே 9, கடும் நீலம்) தொடர்பான புகார்

நான் உங்களோடு தொடர்புகொள்வது இது ஐந்தாவது தடவை. மூன்று தடவை தொலைபேசியில் கதைத்தேன். ஒரு தடவை படங்களோடு வட்ஸ்அப்பில் தமிழில் எழுதினேன். அதற்கு ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது: பாவித்த சப்பாத்தை மாற்ற முடியாது, வாங்கி 30 நாள் கடந்துவிட்டது, சேதம் ஓடியதால் ஏற்பட்டது. மூன்றாவது காரணத்தை இரண்டு தரம் வாசித்தேன். பெட்டியின் மேல் ஒரு மனிதன் ஓடுகிற படம் போட்டு நீங்கள் விற்ற சப்பாத்து அது.

முழுக்கதையையும் இதுவரை உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 44 வயது. அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளர், நாள் முழுக்கக் கதிரைதான். நாலு வருடத்துக்கு முன் இரத்தம் சோதித்தபோது சீனி எல்லையில் நிற்கிறது என்றார்கள். நடக்கச் சொன்னார் வைத்தியர், நடந்தேன். நடை மெல்ல ஓட்டமாகி, போன வருடம் கொழும்பில் என் முதல் அரை மரதனை 2 மணி 11 நிமிடத்தில் முடித்தேன். வருகிற ஐப்பசியில் அதே 21.1 கிலோமீற்றரை 2 மணித்தியாலத்துக்குள் ஓட வேண்டும். கேட்கச் சின்ன விடயம் போல இருக்கும். கணக்குப் போட்டால், கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 13 செக்கன் எடுத்தவன் 5 நிமிடம் 41 செக்கனுக்கு இறங்க வேண்டும், அதுவும் 21 கிலோமீற்றரும் விடாமல். 44 வயதில் இது என்ன விளையாட்டு என்று என் மனைவியே கேட்கிறா. உங்களுக்கும் அப்படித் தோன்றலாம். தோன்றட்டும், அந்த விளையாட்டுக்குத்தான் நீங்கள் சப்பாத்து விற்கிறீர்கள்.

வைகாசி 24, சனிக்கிழமை பின்னேரம் கடைக்கு வந்தேன். பின்னேரம் கால் சற்று வீங்கியிருக்கும், அளவு பார்க்க அதுதான் நேரம். ஓடும்போது போடுகிற மேஸையும் கையோடு கொண்டுவந்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டுப் பார்த்து 9 எடுத்தேன். அளவில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கடையில் நின்ற தம்பி மரியாதையான பிள்ளை. என்னை வெறுங்காலோடு நிற்க வைத்து, குனிந்து உள்ளங்கால் வளைவைப் பார்த்து, "அண்ணை, உங்களுக்குத் தட்டைப் பாதம். இந்த மொடல்தான் சரிவரும்" என்று உள்பக்கம் தடித்த, விலை கூடிய சோடியைக் காட்டினார். அமெரிக்க இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்குப் பாத வளைவைப் பார்த்துச் சப்பாத்து கொடுத்தார்கள், மற்றப் பகுதியினர் எல்லோருக்கும் ஒரே வகையைக் கொடுத்தார்கள். காயப்பட்டவர்கள் தொகையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. இதை நான் புகாராகச் சொல்லவில்லை, தம்பிக்கு நேரமிருந்தால் வாசிக்கட்டும். போட்டு நாலு எட்டு ஓடிப் பார்த்தேன், காலுக்குச் சுகமாக இருந்தது, அதற்காகவே எடுத்தேன். 36,000 ரூபாவில் 20 வீதம் கழிவு போக 28,800. ஏன் கழிவு என்று கேட்டேன். "சீசன் ஓஃபர் அண்ணை" என்றார். இந்தப் பதிலைத் தயவுசெய்து ஞாபகம் வைத்திருங்கள்.

என் ஓட்டக் கணக்கெல்லாம் ஒரு சீஆர் கொப்பியில் இருக்கிறது. வைகாசி 27 முதல் ஆடி 6 வரை இந்தச் சோடியோடு 11 தடவை, மொத்தம் 96 கிலோமீற்றர். பழைய சோடியோடு மாறி மாறிப் போட்டதால் அவ்வளவுதான். மழையில் நனையவில்லை, ஆனியில் இங்கே மழை ஏது? உடுப்புத் தோய்க்கிற மெசினில் போடவில்லை. வெயிலில் காயவைக்கவில்லை. ஓட்டச் சப்பாத்து ஒன்று சாதாரணமாக 500 முதல் 800 கிலோமீற்றர் வரை தாங்கும். 28,800ஐ 96ஆல் பிரித்துப் பார்த்தேன், கிலோமீற்றருக்குச் சரியாக 300 ரூபா வருகிறது. ஓட்டோ பிடித்துப் போயிருந்தால் மலிவு.

சரி, அன்றைக்கு நடந்தது. ஆடி 6, ஞாயிற்றுக்கிழமை. அன்று 18 கிலோமீற்றர் ஓட வேண்டிய நாள். விடிய 4.45க்குத் திருநெல்வேலியில் தொடங்கி, பலாலி வீதியால் இறங்கி, ஆஸ்பத்திரி வீதி, கோட்டை, அப்புறம் பண்ணைப் பாலம். இந்த மாதங்களில் பண்ணையில் ஓடியவர்களுக்குத் தெரியும், வேலணைப் பக்கம் போகும்போது சோளகம் முகத்தில் அறையும், வாயைத் திறந்தால் கடல் உப்பு. அதே காற்று திரும்பி வரும்போது முதுகைப் பிடித்துத் தள்ளும். அந்தத் தள்ளலை நம்பித்தான் வரும் வழியில் 5.41 வேகத்தைப் பழகுவது என்று வைத்திருந்தேன். ஒன்பதாவது கிலோமீற்றரில் திரும்பினேன். பத்தாவது 5.40. பதினோராவது 5.38. இப்படி எனக்கு அடுத்தடுத்து இரண்டு கிலோமீற்றர் ஒருநாளும் வந்ததில்லை.

அப்போதுதான் வலது காலடியில் ஒரு சத்தம். பாட்டாச் செருப்போடு ஈரச் சீமெந்தில் நடந்தால் வருமே, அந்த மாதிரி. ஏதோ பிளாஸ்ரிக் பை ஒட்டிக்கொண்டது என்று நினைத்துக் காலை உதறினேன். அடுத்த எட்டில் தடக்கி, மதகுக் கட்டைப் பிடித்துத்தான் நின்றேன். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தால், குதிக்காலிலிருந்து நடுப்பாதம் வரை அடி இறப்பர் நாய் நாக்கு மாதிரித் தொங்குகிறது. அதற்கு மேலே இருந்த நுரைப்பகுதியில் விரல் வைத்தேன், காய்ந்த பாண் போல உதிர்ந்தது. பசை இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு தூள், ஊதினால் பறக்கிறது.

வீட்டுக்கு இன்னும் ஏழு கிலோமீற்றர். மீன் பிடிக்கக் கடலில் கட்டுகிற களங்கண்டி வலைப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு ஐயா சைக்கிளை நிறுத்தி, என் காலைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஒரு முழத் தங்கூசியை, அதுதான் வலை பின்னுகிற நைலோன் இழையை, எடுத்துச் சப்பாத்தைச் சுற்றி வரிந்து கட்டிவிட்டார். தங்கூசி வலைக்குத் தடை என்று தெரியும். துண்டு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கட்டோடு கோட்டையடி வரை நடந்து ஓட்டோ பிடித்தேன். உள்ளே குதிக்கால் தாங்கி ஒரு பக்கம் சரிந்து தோலை உரித்துவிட்டது. சாதாரண ஆளுக்கு மூன்று நாளில் ஆறுகிற காயம். சீனி எல்லையில் நிற்கிறவனுக்குக் காலில் புண் என்றால் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை வராது. எனக்கு அது காய 16 நாள் எடுத்தது. அந்த 16 நாளும் ஓட்டம் இல்லை. அதற்கு நான் நட்டஈடு கேட்கவில்லை, கேட்டாலும் நீங்கள் தரப்போவதில்லை.

மறுநாள் பஸ் நிலையத்தடியில் சப்பாத்துத் தைக்கிற ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பார்த்தது அடியை. "தம்பி, இது தேஞ்சு போகேல்லை. கோடெல்லாம் அப்பிடியே கிடக்கு, பாருங்கோ" என்றார். பிறகு ஒரு பழுதும் தெரியாத இடது சப்பாத்தை எடுத்தார். குதிக்கால் ஓரத்தில் பெருவிரல் நகத்தை வைத்து ஒரு நெம்பு. அதுவும் பிரிந்து வந்தது. "உள்ளுக்க செத்துப்போச்சு. இதுக்குப் பசை போட்டு உங்களிட்டக் காசு வாங்கேலாது" என்று இரண்டையும் என் பையிலேயே போட்டுவிட்டார். 28,800 ரூபாவுக்கு உங்களிடம் கிடைக்காத ஆலோசனை அங்கே இலவசமாகக் கிடைத்தது.

சப்பாத்து நாக்கின் உட்பக்கம் தைத்திருக்கிற சின்ன வெள்ளைத் துண்டைப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். அளவுகளுக்குக் கீழே, எறும்பு எழுத்தில், உற்பத்தி மாதம்: 06/19. நான் வாங்கும்போது அந்தச் சப்பாத்துக்கு ஆறு வயது ஆகக் கிட்டத்தட்ட ஒரு மாதம்தான் குறைவு.

பெட்டியில் அந்த அடி நுரை பொலியூரித்தேன் என்று போட்டிருக்கிறது. அந்தப் பொருளைக் காற்றில் இருக்கிற ஈரமே மெல்ல மெல்ல அறுத்துவிடும். சூடும் சேர்ந்தால் இன்னும் கெதியாக. பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் அது நடக்கும், வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். சப்பாத்து விற்கிற உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020க்குப் பிறகு நாடு பட்ட பாடு எனக்கும் தெரியும். இறக்குமதிக் கட்டுப்பாடு, கொரோனா, 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏதோ ஒரு களஞ்சியத்தில், தகரக் கூரைக்குக் கீழே, இந்தப் பெட்டி அத்தனையையும் கடந்து வந்திருக்கலாம். சரக்குத் தேங்கியது உங்கள் பிழை என்று நான் சொல்லமாட்டேன். "பழைய சரக்கு, நடக்க மட்டும் போடுங்கோ" என்று சொல்லி 8,000க்குத் தந்திருந்தால் சந்தைக்குப் போட்டுப் போக வாங்கியிருப்பேன். ஏன் கழிவு என்று நான் நேரே கேட்டேன். சீசன் ஓஃபர் என்றீர்கள். என் புகார் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் 30 நாளும் நான் காசு கட்டிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. அதற்கு முன் சப்பாத்து உங்களிடம் கிடந்து கெட்ட வருடங்களை யார் கணக்கில் எழுதுவது? என் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

மூன்றாவது அழைப்பில் உங்கள் அலுவலர் ஒருவர் பகிடியாக, அந்தக் காலத்தில் வெறுங்காலோடு மரதன் ஓடி வென்றவர்களும் இருக்கிறார்கள்தானே என்றார். இருக்கிறார்கள். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் எதியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். அவருக்கு ஒருவரும் 28,800 ரூபாவுக்குப் பற்றுச்சீட்டு எழுதவில்லை.

காயம் ஆறியபின், போன சனிக்கிழமை மறுபடி உங்கள் கடைக்குப் போனேன். சண்டைக்கு இல்லை, அலுமாரியைப் பார்க்க. அதே மொடல் இன்னும் மூன்று சோடி இருந்தது, அதே கழிவுச் சீட்டோடு. இரண்டின் நாக்கைத் தூக்கிப் பார்த்தேன், இரண்டிலும் 06/19. மூன்றாவதை ஒரு தகப்பன் தன் மகளுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பள்ளிக்கூடத்தில் 3,000 மீற்றர் ஓடுகிறதாம். நான் அவரைக் கூப்பிட்டுத் துண்டைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சப்பாத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த விற்பனையை நான் கெடுத்தேன் என்று கிளை முகாமையாளர் உங்களுக்கு அறிவித்திருந்தால், அது உண்மைதான்.

நான் கேட்பது இவ்வளவுதான். 28,800 ரூபாவையும் பணமாகத் திருப்பித் தாருங்கள். கூப்பன் வேண்டாம், அதே சரக்கில் இன்னொரு சோடியும் வேண்டாம். மிச்சமிருக்கிற 06/19 சோடிகளை ஓட்டச் சப்பாத்து என்று விற்பதை நிறுத்துங்கள். பதிலைத் தமிழில் அனுப்புங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு அந்தக் கெடு ஆவணி 24. ஆகவே ஆவணி 11 வரை, இரண்டு கிழமை, உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன். அதற்குள் வராவிட்டால் இதே கடிதமும் பற்றுச்சீட்டும் படங்களும் அங்கே போகும். அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கும் அழைத்துச் சொல்வேன்.

பற்றுச்சீட்டின் பிரதி, நாக்குத் துண்டின் படம், சீஆர் கொப்பியின் இரண்டு பக்கங்கள் இத்துடன் உள்ளன. சப்பாத்தை நான் கொரியரில் அனுப்பமாட்டேன், வழியில் காணாமல் போனால் என்னிடம் வேறு ஆதாரம் இல்லை. தங்கூசிக் கட்டையும் அவிழ்க்கவில்லை. உங்கள் ஆள் வந்து பார்க்கலாம், எந்த நாளும் சரி. விடிய ஐந்திலிருந்து ஆறரை வரை மட்டும் வர வேண்டாம். பழைய சோடியோடு பண்ணைப் பக்கம் போயிருப்பேன்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் பற்றுச்சீட்டுப் பிரதியில் உள்ளன)