குரூஸர் பைக் ஆண்டுச் சோதனையில் பாஸாவது எதனால்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் குரூஸர் பைக்குகளைப் பற்றி, அதாவது தாழ்ந்த சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாக ஓட்டும் கனமான பைக்குகளைப் பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். வண்டிகளின் விவரம், இன்ஜின் வகைகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் கடைசியில் ஒரு பாஸ் சதவீத அட்டவணையைப் போட்டு, வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ஆண்டுச் சோதனையில் குரூஸர்கள் பெரும்பாலும் பாஸாகிவிடுகின்றன, அதனால் செகண்ட் ஹேண்டில் தைரியமாக வாங்கலாம் என்று முடித்திருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. பாஸாகின்றன என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஏன் பாஸாகின்றன என்பதைச் சொல்லாமல் விட்டால், அதை நம்பி வாங்குகிறவர் ஏமாந்துபோவார், சில சமயம் ரோட்டில் விழவும் செய்வார். வருடக்கணக்காகப் பைக்குகளை நானே பிரித்து மாட்டி வருகிறவன், பழைய வண்டி வாங்கப் போகும் நண்பர்களுக்குத் துணையாகப் போய்ப் பார்த்துச் சொல்கிறவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சோதனை எதைப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். ஆண்டுச் சோதனை என்றாலே எல்லோரும் உதாரணம் காட்டுவது பிரிட்டனின் எம்.ஓ.டி.யைத்தான். 1960-ல் பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென்று தொடங்கியது, 1967-ல் மூன்று வருடத்துக்கு இறங்கியது. இன்றும் அங்கே பைக்குக்கு மூன்று வயது முடிந்தால் வருடத்துக்கு ஒரு தடவை காட்டியாக வேண்டும். லாரிக்கும் ஆட்டோவுக்கும் எஃப்.சி. காட்டுவது என்கிறோமே, அதே வேலைதான், சொந்தப் பைக்குக்கும் வருகிறது, அவ்வளவே. ஜெர்மனியில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பிரான்ஸில் 2024 ஏப்ரலில்தான் பைக்குகளுக்கே சோதனை வந்தது. நாட்டுக்கு நாடு கால இடைவெளி மாறினாலும் பார்க்கும் விஷயங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: விளக்குகள், ஹாரன், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், வீல், டயர், பிரேக், சைலன்சர், ஃபிரேம், செயின், நம்பர் பிளேட்.

இந்தப் பட்டியலில் இன்ஜின் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. பிஸ்டன் தேய்ந்திருக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, கியர் எகிறுகிறதா, காலையில் ஸ்டார்ட் ஆகிறதா, இதெல்லாம் எம்.ஓ.டி.யில் கேள்வியே இல்லை. பெட்ரோல் ஒழுகினால் ஃபெயில். காருக்கு உள்ள புகைச் சோதனை பைக்குக்குக் கிடையாது. எதையும் கழற்றிப் பார்க்கவும் சோதனை செய்பவருக்கு அனுமதி இல்லை, கண்ணால் பார்ப்பது, கையால் ஆட்டிப் பார்ப்பது, பிரேக்கை அளப்பது, இதோடு சரி. அப்படியிருக்க ஒரு மாடல் நிறைய பாஸாகிறது என்றால் அந்த இன்ஜின் நீடித்து உழைக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, குரூஸர் ஏன் நன்றாகப் பாஸாகிறது? பாதிக் காரணம் வண்டியில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. யமஹா டிராக் ஸ்டார் 650 மாதிரி வண்டிகளில் செயினே கிடையாது, பின் வீலைச் சுழற்றுவது ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு. ஹார்லிகளில் பெல்ட். செயின் தளர்ந்து தொங்குவது, ஸ்ப்ராக்கெட் பல் கூராகிப்போவது என்ற தலைவலி ஒட்டுமொத்தமாகப் போய்விடுகிறது. இன்ஜினைக் கதறவிட்டு ஓட்டுகிற வண்டியும் இல்லை, வளைவில் தரையைத் தொடும் அளவுக்குச் சாய்த்து ஓட்டுகிற வண்டியும் இல்லை, ஆகவே பிரேக்கும் முன் டயரும் நிதானமாகவே தேயும்.

மீதிப் பாதி வண்டியை வைத்திருப்பவர். குரூஸரை மழையில் எடுப்பவர்கள் குறைவு. வெயில் நாளில், விடுமுறையில், துடைத்து மினுக்கி எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து துணி போட்டு மூடி வைப்பார்கள். சோதனைக்கு ஒரு வாரம் முன்பே பல்பு எரிகிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். இதே நேரத்தில் ஒரு 125 சிசி வண்டி, சாப்பாட்டு டெலிவரிக்குத் தினமும் காலை முதல் இரவு வரை மழையிலும் சகதியிலும் ஓடுகிறது. அது சோதனையில் ஃபெயிலானால் அந்த மாடல் மட்டம், குரூஸர் உசத்தி என்று எழுதுவது அநியாயம். வருடத்துக்கு ஓரிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வண்டியையும் முப்பதாயிரம் ஓடுகிற வண்டியையும் ஒரே தட்டில் வைத்து மார்க் போடக் கூடாது.

இங்கேதான் வாங்குபவர்கள் கவனிக்காமல் விடுகிற விஷயம் வருகிறது. குறைவாக ஓடியது என்றால் நல்லது என்று நினைக்கிறோம். நின்றே இருக்கிற வண்டிக்கு வருகிற வியாதிகள் தனி. பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும், ஈரம் ஏறியபின் தரநிலை கேட்பதே 155 டிகிரிதான். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். நீண்ட இறக்கத்தில், கனமான குரூஸரில், பின்னால் ஆளையும் வைத்துக்கொண்டு பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் அந்த ஆயில் கொதித்து ஆவியாகி லீவர் மெத்தென்று உள்ளே போய்விடும். சோதனை நிலையத்தில் ரோலர் மேல் வைத்து அளக்கும்போது இது தெரியவே தெரியாது. எம்.ஓ.டி.யில் ஒரு பிரேக் 30 சதவீதமும் இன்னொன்று 25 சதவீதமும் திறன் காட்டினால் போதும், ஆறிப்போன பிரேக் அதைச் சாதாரணமாகக் காட்டிவிடும்.

டயரும் அப்படித்தான். 50 சிசிக்கு மேற்பட்ட பைக்கில் டயர் அகலத்தின் முக்கால் பகுதிக்கு 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பட்டன், அதாவது டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளம், இருந்தால் பாஸ். குரூஸரில் பட்டன் எங்கே தேயப் போகிறது? ஆனால் ரப்பர் வயதாகி இறுகிவிடும். டயரின் பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துக்களுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2311 என்று இருந்தால் 2011-ம் வருடம் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் புதுசு மாதிரி இருக்கும், நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல நிற்கும். முதல் தூறலில் ரவுண்டானாவில் பின் வீல் பக்கவாட்டில் நழுவும்போதுதான் அதன் வயது தெரியும். பிரிட்டனில் 2021-ல் பழைய டயர்களுக்கு வயது வரம்பு கொண்டுவந்தார்கள், அது லாரி, பஸ், மினிபஸ்களுக்குத்தான், பைக்குக்கு இல்லை. அதனால் இந்த டயர் வைத்த வண்டி பாஸாகும், சர்டிஃபிகேட்டும் வரும்.

நின்ற வண்டியில் உண்மையிலேயே ஃபெயிலாக்குகிற பொருளும் உண்டு, பெரும்பாலும் அது சின்னதாக இருக்கும். ஒன்றைச் சொல்கிறேன். முன் பிரேக் லீவருக்கு அடியில் நகத்தளவு ஒரு ஸ்விட்ச் இருக்கும், லீவரைப் பிடித்தால் அதன் சின்ன முனை வெளியே வந்து பின்னால் பிரேக் லைட் எரிய வேண்டும். மாதக்கணக்கில் நிற்கும்போது அந்த முனை துரு பிடித்தோ அழுக்கு உறைந்தோ உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கால் பிரேக்கை மிதித்தால் லைட் எரிகிறது, எனவே ஓட்டுகிறவருக்குத் தெரியாது. 1986 ஏப்ரலுக்குப் பிறகு ரோட்டுக்கு வந்த பைக்கில் இரண்டு பிரேக்குக்கும் லைட் எரிந்தாக வேண்டும் என்பது எம்.ஓ.டி. விதி, போச்சு, ஃபெயில். காரணம் தெரியாமல் சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இதுவும் ஃபிரேம் விரிசல் விட்டதும் ஒரே ஃபெயில்தான்.

அதேபோல முன் ஃபோர்க், அதாவது முன் வீலைப் பிடித்திருக்கும் இரண்டு சஸ்பென்ஷன் குழாய்கள். குரோம் பூச்சு கேரேஜ் ஈரத்தில் ஊசிமுனை அளவு பொத்தல் விட்டிருக்கும். வண்டி ஏறி இறங்கும்போது அந்தத் துரு முனை ஆயில் சீலைக் கிழிக்கும், ஆயில் கீழே வழிந்து டிஸ்க்கில் படும். நான் பழைய குரூஸர் பார்க்கப் போனால் பளபளக்கிற டேங்க் பக்கம் போவதற்கு முன், ஃபோர்க் ராடில் விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்ப்பேன். நகம் தட்டினால் செலவு இருக்கிறது என்று அர்த்தம்.

குரூஸர்காரர்கள் தாங்களே வரவழைத்துக்கொள்ளும் ஃபெயில்களையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை. உயரமான ஹேண்டில்பார் மாட்டுவார்கள், பிரேக் ஆயில் போகும் ஹோஸ் குழாய் பழைய நீளத்திலேயே இருக்கும், முழுக்கத் திருப்பினால் விறைத்து நிற்கும். ரோட்டில் ஓட்டக் கூடாது என்று அதன் மேலேயே முத்திரை குத்தியிருக்கும் சைலன்சரை மாட்டிக்கொண்டு சோதனைக்குப் போவார்கள். பின் பக்கத்தைத் தாழ்த்தினால் அழகு என்று தாழ்த்துவார்கள், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், வெளிச்சக் கற்றை அளக்கும் கருவியில் உடனே தெரிந்துவிடும். கருப்பாக்கிய இண்டிகேட்டர், கண்டபடி மடக்கிய நம்பர் பிளேட், இவையும் அப்படியே. கம்பெனியில் வந்தபடியே வைத்திருந்தால் பாஸாகியிருக்கும் வண்டிகள் இவை. இதில் ஹோஸ் விஷயம் மட்டும் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது, அது அறுந்தால் முன்னால் போகிறவர் மேல்தான் போய் இடிக்கும்.

இன்னொன்று அந்தச் சதவீதத்தைப் பற்றியே. பிரிட்டனில் சின்னக் குறையை நிலையத்திலேயே ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்துவிட்டால் அதைத் தனி வகையாகப் பதிவு செய்கிறார்கள். எனவே முதலில் ஃபெயிலானது எவ்வளவு, கடைசியில் ஃபெயிலானது எவ்வளவு என்று இரண்டு கணக்கு உண்டு, எது என்று சொல்லாமல் ஒரு எண்ணைப் போட்டால் அதில் பொருளே இல்லை. பழைய மாடல்களில் மோசமான வண்டிகள் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும், சோதனைக்கு வருவது யாரோ பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவை, ஆக வயதான மாடலின் பாஸ் சதவீதம் இயல்பாகவே உயர்ந்து நிற்கும். அப்புறம் அபூர்வ மாடல்கள். நாற்பது வண்டி வந்து முப்பத்தாறு பாஸானால் 90 சதவீதம், இன்னும் இரண்டு வண்டியில் பல்பு போயிருந்தால் 85. இரண்டு பல்பை வைத்து ஒரு மாடலுக்குப் பட்டம் கொடுப்பதா?

ஆகவே வாங்கப் போகிறவர் மாடலின் சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, கையில் பிடிக்கப் போகும் அந்த ஒரு வண்டியின் பழைய சோதனைப் பதிவுகளைத் தேட வேண்டும். பிரிட்டனில் 2005 முதலான பதிவுகளை நம்பர் பிளேட் எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் இலவசமாக இணையத்தில் பார்க்கலாம். பாஸா ஃபெயிலா என்பதைவிட அதன் கீழே எழுதியிருக்கும் அறிவுரைக் குறிப்புகள்தான் தங்கம். பின் பிரேக் பேடு தேயத் தொடங்கியுள்ளது என்று ஒரு வருடம் எழுதியிருந்து, அடுத்த வருடம் அதுவே மறுபடி எழுதியிருந்தால் ஓனர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. ஓடிய தூரமும் ஒவ்வொரு வருடமும் பதிவாகியிருக்கும், மூன்று வருடமாக நூறு இருநூறு என்று நகர்ந்திருந்தால் நான் மேலே சொன்ன நின்ற வண்டி அதுதான், ஹோஸ், டயர், பிரேக் ஆயில், பேட்டரி எல்லாம் மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். இப்படிப் பதிவு பார்க்கும் வசதி இல்லாத இடத்தில் பழைய சர்டிஃபிகேட்டுகளையும் சர்வீஸ் பில்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். இனி இப்படிப் பாஸ் சதவீத அட்டவணை வெளியிட்டால் பக்கத்திலேயே எத்தனை வண்டிகள் சோதிக்கப்பட்டன, அவற்றின் சராசரி வயது, ஓடிய தூரம், எதனால் ஃபெயிலாயின என்ற நான்கு விவரங்களையும் போடுங்கள். பல்பு, டயர், பிரேக், ஸ்டீயரிங் என்று காரணவாரியாகப் பிரித்தாலே வாசகருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். இடம் போதாது என்றால் மாடல்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், இந்த விவரங்களைக் குறைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்