போல்வால்ட்டை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேஜஸ்வின் சங்கரைப் பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையைத் தேவிபட்டினத்தில் டீக்கடையில் உட்கார்ந்து படித்தேன். டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பையன், கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்தவனைப் பள்ளியில் உயரம் தாண்டுதலுக்கு இழுத்துவிட்டது, 2018-ல் 2.29 மீட்டர் தேசிய சாதனை, 2022 காமன்வெல்த்துக்கு நீதிமன்றம் வரை போய் இடம் வாங்கி வெண்கலத்தோடு திரும்பியது எல்லாம் இருந்தது. சந்தோஷம். ஆனால் ஹாங்சோ ஆசியப் போட்டிக்கு வந்ததும் 'டெகாத்லானிலும் வெள்ளி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த 'லும்'தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரெண்டு நாளில் பத்துப் போட்டி சார் அது. அவர் எடுத்தது 7666 புள்ளி, பாரதிந்தர் சிங் 2011-ல் வைத்த தேசிய சாதனையான 7658-ஐ வெறும் எட்டே புள்ளியில் தாண்டியிருக்கிறார். கடைசி 1500 மீட்டரில் ஒன்றரை விநாடி தாமதமாக வந்திருந்தால்கூட சாதனை இல்லை. டெகாத்லானில் நமக்கு 1974-க்கு அப்புறம் கிடைத்த முதல் ஆசியப் போட்டிப் பதக்கமும் இதுதான். அப்புறம் முக்கியமான கணக்கு ஒன்று: உயரம் தாண்டுதலில் 2.21 தாண்டி 1002 புள்ளி அள்ளியவர், போல்வால்ட்டில், அதாவது கம்பு ஊன்றித் தாண்டுவதில், 4.10 மீட்டரில் நின்று 645-தான் எடுத்தார். தங்கம் வாங்கிய சீனரோ 7816. புள்ளி அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். 4.60 தாண்டியிருந்தாலும் ஐந்து புள்ளி குறைகிறது, 4.70 என்றால் தங்கம்!

இதை ஏன் இவ்வளவு குடைகிறேன் என்றால், நானும் கல்லூரியில் டெகாத்லான் ஆடியவன், போல்வால்ட்டில் முட்டை வாங்கியவன். எங்கள் ஊர் நவபாஷாணக் கோயில் பக்கம் கடலில் கரையோரத்தில் ஆழமே கிடையாது, அப்பாவின் வல்லத்தை, அதான் படகை, கம்பு ஊன்றித் தள்ளி வளர்ந்த கை, அதனால் கம்பு நமக்குப் புதுசா என்று ஒரு தெனாவட்டு. கல்லூரி மைதானத்தில் மெத்தை கிடையாது, மணலைக் குவித்து மூங்கிலால்தான் பழக்கம். போட்டி அன்று முதல்முறையாக ஃபைபர் கம்பு, அதுவும் இன்னொரு கல்லூரிப் பையனிடம் இரவல். ஆள் எடைக்குத் தகுந்த கம்பு வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவன் என்னைவிட பதினைந்து கிலோ கூட. ஓடிப்போய் ஊன்றினால் கம்பு வளையவே இல்லை, வந்த வழியே என்னைத் திருப்பித் தள்ளிவிட்டது. மூன்று முறையும் அப்படித்தான். பூஜ்யம். ஆனாலும் ஈட்டியும் எறிந்து 1500-ம் ஓடினேன், கடைசி ஆளாக. ஒரு போட்டிக்கு இறங்காமல் விட்டால் மொத்தமாகவே வெளியே, முட்டை வாங்கினால் தொடரலாம்!

இப்போதும் சாயங்காலமானால் எங்கள் கரையில் பையன்கள் வலைக்கயிற்றைக் கட்டிக் கம்பு ஊன்றித் தாண்டுகிறார்கள். உங்கள் நிருபரை அனுப்புங்கள். அப்படியே தொண்டி முதல் சாயல்குடி வரை எத்தனை மைதானத்தில் போல்வால்ட் மெத்தை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அதைப் போடுங்கள் முதலில்.

இப்படிக்கு,
முட்டை வாங்கிய வாசகன்,
தேவிபட்டினம்.