குப்பியில் உரிம எண் எங்கே?

சேர்வராயன் மலையில் மூலிகை மருந்து விற்பனையைக் கண்காணிக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் மிளகோடும் காப்பித்தூளோடும் சேர்த்து விற்கப்படும் மூலிகைத் தைலங்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. உரிம எண் இல்லாத குப்பிகளை அகற்றக் கோரிய என் இரண்டு மனுக்களும் தங்களிடம்தான் இருக்கின்றன.

நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த என் அத்தைக்கு, 67 வயதில், சென்ற மாசியில் வலப்பக்க நெற்றியில் அக்கி கண்டது. என்றோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்தெழுவதே அக்கி என்பதும், கொப்புளம் எழும்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும் என்பதும் தாங்கள் அறியாததல்ல. அந்த 72 மணி நேரத்தை, 'வைரஸை வேரோடு அறுக்கும்' என்று அச்சிட்ட பச்சைக் குப்பி ஒன்று விழுங்கிவிட்டது. பத்து நாள் வேறு மருந்தைத் தொடக்கூடாது என்று விற்றவர் பத்தியமும் சொல்லி அனுப்பியிருக்கிறார். மூக்கு நுனியில் கொப்புளம் தோன்றினால் கண்ணுக்கு ஆபத்து என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை.

ஆறாம் நாள் கண் சிவந்த பிறகே எனக்குத் தகவல் வந்தது. குளிர்காற்று பட்டாலும் எரிச்சல், துணி பட்டாலும் எரிச்சல் என்பதால், முக்காட்டை நெற்றியில் படாதவாறு இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடியே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தார். பேருந்து திரும்பும்போது கம்பியைப் பிடிக்க அவருக்குக் கையில்லை. தோளை நான் பிடித்துக்கொண்டேன். இன்று அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறது, முகம் தெரிவதில்லை.

நான் சித்த மருத்துவத்தின் எதிரி அல்லன். குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவன். காவி பூசியவர் எவரும் மருத்துவமனைக்குப் போகாதே என்றதில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவரும் கண்ணருகே அக்கியைக் கண்டால் கண் மருத்துவரிடம்தான் அனுப்புவார்.

ஆனால் இந்தக் குப்பியில், 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டப்படி இருக்க வேண்டிய உற்பத்தி உரிம எண் இல்லை, தொகுதி எண் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. 'இமயமலை மூலிகை' என்பது மட்டும் இருக்கிறது. சேர்வராயன் மலையில் நின்றுகொண்டு இமயமலை மூலிகை விற்கத் தனித் துணிச்சல் வேண்டும். என் கோரிக்கை ஒன்றே: உரிம எண் இல்லாத எந்தக் குப்பியையும் மலையில் விற்க விடாதீர்கள்.

கோடை விழாவுக்கு வழியெல்லாம் வரவேற்புப் பலகை வைக்க முடிகிறது. 'கண்ணருகே அக்கி வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க' என்று ஒரு பலகை வைக்க மட்டும் நிதி ஒதுக்கீடு வர வேண்டும் போலும். முதல் மனுவுக்கு 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. அந்தப் பிரிவும் எந்த நரம்பு வேரில் உறங்குகிறதோ!

சினத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள்க. மே மாதக் கூட்டம் மலையேறும் முன் கடைகளைச் சோதித்து, உரிம எண் இல்லாத குப்பிகளை அகற்றுமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன். அத்தை பூசியது போக மீதித் தைலத்தை மூடியோடு வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு ஆள் அனுப்பினால் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டி, சேலத்திலிருந்து ஒரு குடிமகன்