தயவுசெய்து முட்டுக்கட்டை போடுங்கள்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மலை ஏறும் வழியில் சோதனைச் சாவடிகளைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கும் குன்னூரிலிருந்து ஒரு டூரிஸ்ட் கார் டிரைவர் எழுதிக்கொள்வது. வணக்கம்.

ஒரு கல்லைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். போன சீசனில் ஒரு நாள், இருட்டும் நேரம். காரை வீட்டில் விட்டுவிட்டு பைக்கில் காட்டேரிப் பூங்கா பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். மிஸ்ட் இறங்கியிருந்தது. வளைவில் திரும்பியதும் முன்சக்கரம் எதிலோ ஏறியது, மறு நொடி நான் தார் ரோட்டில் கிடந்தேன். எழுந்து பார்த்தால் உரிச்ச தேங்காய் அளவுக்கு ஒரு கல். வலது காறை எலும்பு முறிந்து, ஆறு வாரம் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. டூரிஸ்ட் கார்க்காரனுக்கு மே மாதத்தில் ஆறு வாரம் போனால் வருஷத்தில் பாதி போன மாதிரி.

மலையிலிருந்து உருண்டு வந்த கல் இல்லை அது. யாரோ கொண்டுவந்து வைத்த கல். கீழேயிருந்து வரும் கார் ஏற்றத்தில் சூடாகி நின்றுவிடும், இல்லையென்றால் பின்சீட்டில் பிள்ளை வாந்தி எடுக்கும். சரிவில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்ப மனசு வராமல், ஓரத்தில் கிடக்கும் கல்லைத் தூக்கி டயருக்குப் பின்னால் கொடுப்பார்கள். அது சரியான காரியம்தான். அரை மணி நேரம் கழித்து எல்லோரும் ஏறி உட்கார்ந்து வண்டி முன்னால் நகர்ந்துவிடும். கல் ரோட்டிலேயே கிடக்கும். இறங்கிப் போய் எடுத்துப்போட யாருக்கும் தோன்றாது. பின்னால் வருகிற பைக்காரன் விழுவான்.

கல்லைத் தேட வைப்பது, வண்டியில் ஒரு கட்டை இல்லாததுதான். நாங்கள் டிக்கியில் எப்போதும் இரண்டு வைத்திருப்போம். டயர் அகலத்துக்கு ஆப்பு மாதிரி சீவிய மரத்துண்டு, ஒரு ஓரத்தில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்தது. கயிற்றின் மறுநுனியை டிரைவர் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டால், கட்டையை மறந்துவிட்டு வண்டியில் ஏறவே முடியாது. அரசியலில் முட்டுக்கட்டை கெட்ட வார்த்தை. எங்கள் ரோட்டில் அது உயிர்.

ஸ்டெப்னி மாற்றும்போதுதான் இதன் அருமை தெரியும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால், பிடித்துக்கொண்டிருப்பது மிச்சம் உள்ள ஒன்றுதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. அதில் சமதரை என்று சொல்ல எத்தனை இடம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது, நின்ற வண்டிக்குப் பின்னால் எச்சரிக்கைக்காக வைக்கும் சிவப்பு முக்கோணம். புது வண்டியோடு கொடுத்தது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஸ்டெப்னிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்து வைப்பவர்களும் பம்பருக்குப் பத்தடி பின்னால் வைத்துவிட்டு செல்ஃபி எடுக்கிறார்கள். நேர் ரோட்டில் 50 மீட்டர் என்பது சரி. வளைவைத் தாண்டி நின்ற வண்டிக்கு அந்தக் கணக்கு உதவாது, முக்கோணம் வளைவுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். திரும்புவதற்கு முன்பே தெரிந்தால்தான் இறங்கி வருகிற பஸ்காரர் பிரேக்கில் கால் வைப்பார். எங்கள் பழைய வழக்கம் மரக்கிளை ஒடித்துப் போடுவது. பகலில் அது போதும். மிஸ்ட்டில் இலை மின்னாது, முக்கோணம் மின்னும். கிளையும் கல்லைப் போலத்தான், போட்டவர் எடுப்பதில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு. பலாப்பழ சீசனில் பர்லியார் பக்கமும் குஞ்சப்பனைப் பக்கமும் யானை ரோட்டுக்கு வரும். அங்கே ராத்திரியில் வண்டி நின்றால் முக்கோணத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்க வேண்டாம். நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு உள்ளேயே இருக்கட்டும்.

டிக்கியில் என்ன வைத்தாலும் சரிக்கட்ட முடியாத ஒன்றும் உண்டு. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டி, வழி முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் தீய்ந்த வாடை வரும், பிறகு பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அப்போது ஓரங்கட்டி, கட்டை கொடுத்து, அரை மணி நேரம் ஆற விட வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கும் ரேடியேட்டர் மூடியையும் திறக்கக் கூடாது. ஆறிய பிறகு ஊற்றத் தண்ணீர் வேண்டுமே என்றால், 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத்தான் இங்கே தடை, 5 லிட்டர் கேனுக்கு இல்லை. பாட்டிலுக்குப் பயந்து சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஏறி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவைதான்: காற்று சரியாக உள்ள ஸ்டெப்னி, ஜாக்கி, ஜம்பர் கேபிள், இழுவைக் கயிறு, காலாவதியாகாத முதலுதவிப் பெட்டி, ஒரு போர்வை. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் ரோடு திறக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் போர்வையோடு பிஸ்கட்டும் வேண்டும். கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியலை டிக்கியில் வைத்துப் பயன் இல்லை, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்தால் உடையும். முன்கண்ணாடியோடு மல்லுக்கட்டுவது வீண்.

டார்ச்சும் விசிலும் தனியாகச் சொல்ல வேண்டியவை. 2018 அக்டோபரில், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் சென்னைக்காரர்கள் வந்த கார் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் இறந்துபோயிருந்தார்கள். விசில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அன்றிலிருந்து என் சாவிக்கொத்தில் ஒரு விசில் தொங்குகிறது. பள்ளத்தில் மனிதக் குரல் தேயிலைக்குள்ளேயே அமுங்கிவிடும், விசில் மேலே வரும். சிக்னல் கிடைத்து 108-க்குப் பேசினால் எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்று முதலில் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. அந்த எண்ணைக் கவனித்துக்கொண்டே வருகிறவர்தான் குறைவு.

இப்போது என் கோரிக்கை. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. பெயர், வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் என்றெல்லாம் கேட்கிறீர்கள். அதே பக்கத்தில் கட்டை, முக்கோணம், டார்ச் மூன்றும் வண்டியில் உண்டா என்று ஒரு கேள்வி சேருங்கள். இல்லை என்றாலும் பாஸ் கொடுத்துவிடுங்கள், யாரையும் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் பிளாஸ்டிக் பாட்டிலுக்காக எப்படியும் டிக்கியைத் திறந்து பார்க்கிறீர்கள். திறந்த டிக்கியில் கட்டையும் முக்கோணமும் இருக்கிறதா என்று பார்க்க எத்தனை நொடி ஆகும்?

கட்டை இல்லாதவருக்கு அங்கேயே ஒரு ஜோடி கொடுக்கலாம். டெபாசிட் வாங்கிக்கொண்டு, இறங்கும்போது எந்தச் சாவடியில் கொடுத்தாலும் பணத்தைத் திருப்பித் தரலாம். இது ஒன்றும் புதுசு இல்லை. டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை 2022-ல் நம் மாவட்டத்தில்தானே தொடங்கினார்கள்? குடித்துப் போட்ட பாட்டில் கடைக்குத் திரும்பி வருகிறது, முட்டுக் கொடுத்த கட்டை வராதா? தைலமரத்துக்கு இங்கே பஞ்சமில்லை. கட்டை சீவிக் கயிறு கோக்கும் வேலையை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தால் அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

டிஎன் 43 என்று தொடங்கும் நம் மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் இல்லை என்பதால் நாங்கள் தப்பித்துக்கொள்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உள்ளூர்க்காரர்களிலும் முக்கோணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. ஸ்டாண்டில் வந்து சோதனை போடுங்கள். என் வண்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

வருகிற திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மாதிரிக்கு இரண்டு கட்டை எடுத்துக்கொண்டு ஊட்டிக்கு வருகிறேன். கையில் கட்டையோடு வருகிறானே என்று வாசலில் நிறுத்திவிடாமல் உள்ளே அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர் டூரிஸ்ட் கார் டிரைவர் ஒருவர்