லேனியர் ஏரிக்கரையிலிருந்து சுடலைக்கு

கம்மிங், ஜார்ஜியா
நவம்பர் 18

அன்புள்ள சுடலை,

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. அம்மாவுக்கு முட்டு வலி குறைந்து மறுபடியும் கோயில்வரை நடந்து போய் வருகிறார்கள் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. மகளுக்கு நாகர்கோவிலில் காலேஜ் சீட் கிடைத்ததில் எங்கள் இரண்டு பேருக்குமே சந்தோஷம், மதினியிடமும் சொல்லிவிடு. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் வேலை கிடைத்துச் சிகாகோ போய்விட்டான். அதனால் சனிக்கிழமை காலைகள் முழுக்க எனக்கே என்று ஆகிவிட்டன. நான் எங்கே இருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். கடல் மாதிரி ஏரி, பக்கத்திலேயே வீடு, படகு வேறு இருக்கிறது, பிறகு ஏன் ஒரு வாரம் பாஸ், கிராப்பி என்று மீனாக அள்ளிக்கொண்டு வருகிறாய், மறுவாரம் வெறுங்கையோடு வருகிறாய் என்று. இதைப் பற்றித் தமிழில் பேச எனக்கு இங்கே ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஏரி என்று சொன்னாலும் லேனியர் ஒரு நீர்த்தேக்கம்தான். சட்டஹூச்சி ஆற்றை மறித்து, அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு 1950களில் பியூஃபோர்ட் அணையைக் கட்டியது. நிரம்பி நின்றால் 38,000 ஏக்கர். கரையை மட்டும் அளந்தால் 690 மைல் வரும். மலையடிவாரப் பள்ளங்களில் தண்ணீர் ஏறி நின்றதால் நூற்றுக்கணக்கான ஓடைக் கிளைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் கிளைகள். அடியில் பழைய தார்ச்சாலைகள், வெட்டாமல் விட்ட மரங்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஒரு கார்ப் பந்தயத் திடலின் கான்கிரீட் படிக்கட்டுகூட உள்ளே கிடக்கிறது. 2007 வறட்சியில் தண்ணீர் 20 அடி இறங்கியபோது அது வெளியே தெரிந்தது. அட்லாண்டாவுக்குக் குடிதண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. இந்த ஆற்றுத் தண்ணீருக்காக ஜார்ஜியா, அலபாமா, புளோரிடா மூன்றும் நம் காவிரி வழக்கு போலவே பல வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தன. புளோரிடா போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2021இல்தான்.

நம் ஊர்க் குளத்தில் மீன் எங்கே போய்விடும்? மடைப் பக்கம் வரும், இல்லையென்றால் தாமரைக்கு அடியில் கிடக்கும். ஒருநாள் பூராவும் உட்கார்ந்தால் குளத்தின் நாலு மூலையையும் பார்த்துவிடலாம். இங்கே அது நடக்காது. ஆனால் பரப்பு பெரியது என்பது மட்டும் காரணம் இல்லை. இந்த ஏரியில் மீன் ஒரு இடத்தில் குடியிருப்பதே இல்லை, அதுதான் விஷயம்.

பாஸில் இங்கே முக்கியமாக இரண்டு வகை. லார்ஜ்மவுத் என்பது பெரிய வாய்க்காரன். சுபாவத்தில் நம் விராலுக்குப் பக்கம். மறைவில் கிடக்கும், இரை அருகே வந்தால் ஒரே பாய்ச்சல். தவளை மாதிரி செய்த ரப்பர் இரையைப் புல்லின் மேல் இழுத்தால் வந்து அடிக்கும், நீ பார்த்தால் கத்திவிடுவாய். உலகத்திலேயே பெரிய லார்ஜ்மவுத்தை இதே ஜார்ஜியாவில் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் 1932இல் பிடித்தார். 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்கு மேல். 2009இல் ஜப்பானில் பீவா ஏரியில் ஒருவர் அந்த எடையைச் சமன் செய்தார். தாண்டியவர் இன்றுவரை இல்லை.

லேனியரில் அதிகம் இருப்பது அது அல்ல. ஸ்பாட்டட் பாஸ் என்று இன்னொன்று, உடம்பில் கொஞ்சம் மெலிவு, ஓட்டத்தில் படு வேகம். இது மறைவில் கிடந்து காத்திருக்கிற ஜாதி இல்லை. நடு ஏரியில் ஹெர்ரிங் என்ற இரை மீன் கூட்டத்தின் பின்னாலேயே திரியும். இந்த ஹெர்ரிங் இந்த ஆற்று மீனே கிடையாது. அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து ஆறேறி வந்து முட்டை போடுகிற மீன். தூண்டில்காரர்கள் இரைக்காகக் கொண்டுவந்ததில் ஏரிக்குள் சேர்ந்துவிட்டது என்கிறார்கள். ஸ்பாட்டட் பாஸும் இந்த ஆற்றுக்கு வந்தேறிதான். நம் பெரிய குளத்தில் ஜிலேபிக் கெண்டை பெருகிப் பழைய மீன்கள் அருகிப்போனதைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். வெளியிலிருந்து ஒரு மீன் வந்தால் தண்ணீரின் கணக்கு முழுசும் மாறிவிடுகிறது. கரையோரப் பாறைகளில் கிடைக்க வேண்டிய பாஸ், ஹெர்ரிங்கைத் தேடி நடு ஏரிக்குப் போய்விட்டது.

ஜூன் மாதம் விடிகாலையில் வந்து பார்க்க வேண்டும் நீ. நிலம் தண்ணீருக்குள் மூக்கு நீட்டியிருக்கும் ஒரு முனையில் படகை நிறுத்தியிருப்பேன். கீழே 25 அடியில் யாரோ போட்டுவைத்த மரக்கிளைக் குவியல். தண்ணீர் சலனமே இல்லாமல் கிடக்கும். திடீரென்று இருபது முப்பது ஹெர்ரிங் துள்ளும், பின்னாலேயே பாஸ் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும், அந்த இடமே கொதிக்கும். இரையை எறிந்து அது அங்கே போய் விழுவதற்குள் எல்லாம் அடங்கிவிடும். அப்புறம் இருநூறு கஜம் தள்ளி மறுபடி கொதிக்கும். மோட்டாரைப் போட்டுப் போனால் அதுவும் அடங்கிவிடும். சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்றுவிட்டால் அரை மணி நேரத்தில் கை ஓயும்வரை பிடிக்கலாம். மறுநாள் அதே முனை, அதே நேரம், ஒன்றுமே இருக்காது.

கோடையில் இன்னொரு சங்கதி. மேல் தண்ணீர் சூடாகி, அடித் தண்ணீர் குளிர்ந்து, இரண்டும் கலக்காமல் அடுக்காக நின்றுவிடும். போகப்போக அடியடுக்கில் காற்று குறையும், மேலடுக்கில் வெக்கை தாங்காது. மீன் இரண்டுக்கும் நடுவில் தோதான ஆழத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஆழம் தெரியாமல் எந்த இடத்தில் போட்டாலும் பிரயோசனம் இல்லை. இப்போது நவம்பரில் அந்த அடுக்கு உடைகிற சமயம். மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும், அடித் தண்ணீர் மேலே வரும். ஏரி ஒரு மாதிரி கலங்கி, சில ஓடைகளில் அழுகல் வாடைகூட அடிக்கும். மீன் ஒரு ஆழத்துக்குக் கட்டுப்படாமல் மேலும் கீழும் சிதறிப்போகும். இந்த மூன்று நாலு வாரமும் இங்கே எல்லோருக்குமே சிரமம்தான். போன சனிக்கிழமை எனக்கும் அப்படித்தான் போனது.

கிராப்பியைப் பற்றிக் கேட்டாயே. கையகல மீன், பக்கவாட்டில் தட்டை, வெள்ளி நிறத்தில் கறுப்புப் பொட்டுகள். உதடு காகிதம் மாதிரி மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். கண் மேல்நோக்கி இருப்பதால் தலைக்கு மேலே உள்ளதைத்தான் பார்த்துத் தின்னும். இரை அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அநேகமாகக் கண்டுகொள்ளாது, மேலே தொங்கினால் வந்து கவ்வும். வசந்த காலத்தில் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது, நம் கணக்கில் 16 டிகிரி வைத்துக்கொள், முட்டை போட ஓடைகளின் கடைசிக்கு வந்துவிடும். அந்தச் சில வாரம் சின்னப் பிள்ளைகூடக் கரையிலிருந்து தக்கை போட்டுப் பிடிக்கலாம். ஜார்ஜியா சட்டப்படி ஒருவர் ஒரு நாளைக்கு 30 கிராப்பி வைத்துக்கொள்ளலாம்.

அது முடிந்ததும் படகுத்துறைகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இந்த ஏரியில் கரை வீட்டுக்காரர்கள் பலர் மிதக்கும் துறை கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு அடியில், நிழலின் ஆழத்தில், சாதாரணமாக எறிந்தால் தூண்டில் எட்டாத இடத்தில் கிராப்பி நிற்கும். இங்கே ஒரு வித்தை இருக்கிறது. குட்டி ஈயத் தலையும் ரப்பர் வாலும் உள்ள ஜிக்கை இரண்டு விரலில் பிடித்து, கம்பை வில்லாக வளைத்து, சட்டென்று விடுவார்கள். ஜிக் தண்ணீரை உரசிக்கொண்டு போய்த் துறைக்கு அடியில் பத்தடி உள்ளே விழும். பிறகு தூண்டில் நரம்பையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நம் கெளுத்தி மாதிரி இழுக்காது. ஜிக்கைக் கவ்விக்கொண்டு மேலே வரும், அதனால் இறங்கிக்கொண்டிருந்த நரம்பு சட்டென்று தளர்ந்து வளையும், அவ்வளவுதான் அடையாளம். அந்த நேரத்தில் கம்பை மெதுவாகத் தூக்க வேண்டும். இந்தத் தளர்ச்சியைக் கண்ணால் பிடிக்கப் பழகியதுதான் இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம்.

ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் நூறு துறையில் ஐந்தில்தான் மீன் இருக்கும். அடியில் கிளை போட்டிருக்கிறதா, பக்கத்தில் பழைய ஓடைப் பள்ளம் ஓடுகிறதா, வெயில் எந்தப் பக்கம், இதெல்லாம் சேர வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கழித்த மரங்களை வாங்கி, கல் கட்டி ஏரிக்குள் இறக்கி மீனுக்கு இடம் செய்யும் வேலையைப் பொறியாளர் பிரிவே செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த காரியம் அது. நம் பொதுப்பணித்துறையும் குளத்தில் இப்படிக் கிளை போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இப்போது நான் எடுத்திருக்கும் முடிவைச் சொல்கிறேன். முழு ஏரியிலும் அலைவதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் பால்ட் ரிட்ஜ் ஓடை இருக்கிறது, ஏரியின் ஒரு கிளை. வருஷம் முழுக்க அதை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன், அதையே நம் குளமாக நினைத்து. நோட்டில் இடத்தின் பெயர் எழுதுவதை நிறுத்திவிட்டேன். மீன் கடித்த ஆழம், தண்ணீர்ச் சூடு, வெயிலா மேகமா, ஹெர்ரிங் எங்கே நின்றது, இவ்வளவுதான் எழுதுகிறேன். போன வாரம் 18 அடியில் கிளைக்கு மேலே கிராப்பி கிடைத்தது என்றால், இந்த வாரம் அந்தத் துறைக்கே போகாமல் அதே ஆழமும் கிளையும் உள்ள வேறு துறையைத் தேடுகிறேன். பெரும்பாலும் அங்கே இருக்கிறது. இடத்தை நம்பிப் போவதைவிட ஆழத்தை நம்பிப் போவது இந்த ஏரியில் எனக்கு உருப்படியாக இருக்கிறது. பாஸ் விஷயத்தில் இது அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. அது ஹெர்ரிங் போகிற இடமெல்லாம் போகிறது, ஒரு ஓடைக்குள் அடங்குவதில்லை. குளிர் முற்றி ஜனவரி வந்தால் இரை மீன்கள் ஓடைப் பள்ளங்களில் வந்து அடையும், பாஸும் கூடவே வரும் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன்.

ஒரு கருவி வந்திருக்கிறது, 2018இல் கார்மின் நிறுவனம் கொண்டுவந்தது. படகுக்கு முன்னால் தண்ணீருக்குள் மீன் நகர்வதைத் திரையில் நேரடியாகக் காட்டும். இரை இறங்குவதும் மீன் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்புவதும் தெரியும். நண்பர் ஒருவர் படகில் பார்த்தேன். அதை வைத்திருப்பவர்களுக்கு மீன் கிடைக்கிறது, மறுக்க முடியாது. பணப் போட்டிகளிலேயே சிலவற்றில் அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு அது வேண்டாம். நரம்பு தளர்வதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில் இருக்கும் ருசி திரையைப் பார்ப்பதில் இல்லை என்றே நினைக்கிறேன்.

பிடித்த பாஸைத் திருப்பி விடுகிறேன் என்று எழுதியதற்கு நீ கோபித்திருந்தாய். கிராப்பியை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன், சதை வெள்ளையாக, மிருதுவாக இருக்கும். குழம்பில் போட்டால் உடைந்துவிடுகிறது, மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தால் அருமை. பாஸைப் பொறுத்தவரை, ஏப்ரலில் ஆண் மீன் தரையைத் துடைத்துக் கூடு போட்டு முட்டைக்குக் காவல் நிற்கும். பட்டினியாகவே நிற்கும். கூட்டுக்குப் பக்கத்தில் எது போட்டாலும் விரட்டுவதற்காகக் கவ்வும். அப்படிப் பிடிப்பது இங்கே சட்டப்படி சரிதான், பலர் செய்கிறார்கள். என்னால் முடியவில்லை. குஞ்சுக் கூட்டத்தோடு திரியும் விராலுக்குத் தூண்டில் போடக் கூடாது என்று உன் அப்பா நம்மைக் குளக்கரையிலிருந்து விரட்டுவாரே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அது அறுபடாமல் இருக்கட்டும்.

குளத்துக் குத்தகை ஏலம் இந்த முறை யார் எடுத்தார்கள்? கட்லாக் குஞ்சு விட்டார்களா? மடைப் பக்கம் விரால் இன்னும் கொஞ்சமாவது கண்ணில் படுகிறதா என்று விவரமாக எழுது. பிப்ரவரியில் இரண்டு வாரம் ஊருக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. வரும்போது ஜிக்குகளும் அந்த ரப்பர்த் தவளையும் கொண்டுவருகிறேன். நீ நிஜத் தவளை போடு, நான் ரப்பர் போடுகிறேன், விரால் எதற்கு வருகிறது பார்ப்போம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்