பேரக்குழந்தைக்கு வரப்போகும் வால்ஷ் என்ற பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? சம்பந்தியம்மாவையும் விசாரித்ததாகச் சொல். இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம்.

போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாயே, "குழந்தைக்குக் கடைசிப் பெயரா வால்ஷ்னு போட்டா உங்களுக்கு வருத்தமா இருக்குமாப்பா" என்று. பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் அப்போது விரிவாகப் பேச முடியவில்லை. வருத்தம் துளியும் இல்லை. நம் வழக்கத்தில் என் பெயர் உனக்கு முதலெழுத்து, என் அப்பா பெயர் எனக்கு முதலெழுத்து, அதற்கு மேல் எதுவும் தங்குவதில்லை. அங்கே அயர்லாந்தில் ஒரே பெயர் எத்தனையோ தலைமுறை தாண்டி வருகிறது. என் பேரனோ பேத்தியோ காலமெல்லாம் சுமக்கப் போகிற பெயர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, தேடிப் படித்தேன். படித்த பிறகு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வால்ஷ் என்றால் வேல்ஸ் நாட்டுக்காரன், அதாவது பிரிட்டனின் மேற்குப் பக்கம் இருக்கும் வேல்ஸைச் சேர்ந்தவன், அவ்வளவுதான் அர்த்தம். ஐரிஷ் மொழியில் அதைப் 'பிரானக்' என்பதுபோலச் சொல்கிறார்கள், பிரிட்டனிலிருந்து வந்தவன் என்று பொருள். பெண்குழந்தை என்றால் அதே பெயர் முதல் ஒலி மெலிந்து 'வ்ரானக்' ஆகிவிடுமாம். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அதை வால்ஷ், வெல்ஷ் என்று மாற்றிக்கொண்டார்கள். மாற்றாமல் ஒலியை மட்டும் பிடித்தவர்கள் பிரானா, பிரானிக் என்று எழுதினார்கள். பெல்ஃபாஸ்டில் பிறந்த நடிகர் கென்னத் பிரானாவின் பெயர் இந்த வகைதான். உன் மாமியார் வீட்டுப் பெரியவர்கள் 'வெல்ஷ்' என்றே உச்சரிக்கிறார்கள் என்று சொன்னாய் அல்லவா, அது தவறில்லை, தெற்கிலும் மேற்கிலும் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்களாம்.

ஓ'பிரையன் போன்ற பெயர்கள் வேறு மாதிரி. 'ஓ' என்றால் பேரன், வழிவந்தவன். 1014இல் குளோண்டார்ஃப் போரில் இறந்த பிரையன் போரு என்ற அரசரின் வழியில் வந்தவர்கள் ஓ'பிரையன்கள். வால்ஷுக்கு அப்படி ஒரு மூதாதை கிடையாது. அக்கம்பக்கத்தார் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர் அது. நம் தெருவில் சங்கரன்கோவிலார் வீடு என்று ஒன்று உண்டே, அவர்கள் தாத்தா காலத்தில் வந்து இங்கேயே மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தும் இன்றைக்கும் அந்தப் பெயர் போகவில்லை, அதேபோலத்தான். எந்தெந்த ஊரில் வேல்ஸ்காரர்கள் குடியேறினார்களோ அந்தந்த ஊரில் தனித்தனியாக ஒரு வால்ஷ் குடும்பம் உண்டானது. அதனால் அங்கே இருக்கிற வால்ஷ்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம் என்று நினைத்துவிடாதே.

அவர்கள் வந்த கதையைக் கேள். அயர்லாந்தின் கிழக்கே லெய்ன்ஸ்டர் பகுதியின் அரசர் டியர்மட் மக் முர்ஹடா 1166இல் நாட்டை இழந்து இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியிடம் போய் நின்றார், அவருடைய அனுமதியோடு வேல்ஸில் இருந்த நார்மன் பிரபுக்களிடம் (பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்களின் வம்சம்) ஆள் திரட்டினார். 1169 மே மாதம் வெக்ஸ்ஃபோர்ட் கரையில் பானோ விரிகுடாவில் முதல் படை இறங்கியது, ராபர்ட் ஃபிட்ஸ்ஸ்டீபன் தலைமையில், வேல்ஸ் வில்லாளிகள் மட்டும் ஏறக்குறைய 300 பேர். அடுத்த வருஷம் ஸ்ட்ராங்போ என்ற நார்மன் பிரபு இன்னும் பெரிய படையோடு வந்தார். சண்டைக்கு வந்தவர்களில் பலர் நிலம் பெற்று அங்கேயே தங்கிவிட்டார்கள். கில்கென்னி மாவட்டத்தின் தெற்கே இன்றும் வால்ஷ் மலை என்று ஒரு பகுதி இருக்கிறது.

ஆக, படையெடுத்து வந்தவர்கள் பெயர்தான் இது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இரண்டு நூற்றாண்டுக்குள் இந்த நார்மன், வேல்ஸ் ஆட்களின் வாரிசுகள் ஐரிஷ் பேசி, ஐரிஷ் வீடுகளில் பெண் எடுத்து, பிள்ளைகளை ஐரிஷ் வீடுகளில் வளர்க்கக் கொடுத்து, உடையிலும் முடியிலும் குதிரை ஏறுவதிலும்கூட உள்ளூர்க்காரர்களாக மாறிவிட்டார்கள். பயந்துபோன ஆங்கிலேய ஆட்சி 1366இல் கில்கென்னி நகரத்தில் சட்டம் போட்டது. ஐரிஷ் பேசக் கூடாது, ஐரிஷ் பெயர் வைக்கக் கூடாது, கல்யாண உறவு கூடாது, அவர்கள் பாணியில் குதிரை ஏறக்கூடக் கூடாது. குதிரை ஏறுவதற்கெல்லாமா சட்டம் என்று நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சட்டம் பலிக்கவில்லை. 1650களில் இங்கிலாந்தின் படைத்தலைவர் குரொம்வெல்லின் ஆட்கள் கத்தோலிக்கர்களின் நிலத்தைப் பறித்தபோது கில்கென்னி வால்ஷ்களின் நிலமும் போயிற்று. வெளிநாட்டான் என்றே பெயர் வாங்கியவர்கள், ஐந்நூறு வருஷம் கழித்து ஐரிஷ்காரர்களோடு சேர்ந்து அடிவாங்கினார்கள்.

அந்தப் பெயர் எவ்வளவு பரவலானது தெரியுமா? 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்து ராபர்ட் மாதிசன் என்ற அதிகாரி ஒரு கணக்குப் போட்டார். அதிகம் பேருக்கு இருந்த பெயர்கள் வரிசையாக மர்ஃபி, கெல்லி, சலிவன், நான்காவது வால்ஷ். ஏறக்குறைய 41,700 பேர். கார்க், மேயோ, வாட்டர்ஃபோர்ட், கால்வே என்று எல்லாப் பக்கமும். அந்தப் பட்டியலில் பன்னிரண்டாவதாக வருகிற டாயில் என்ற பெயருக்கும் 'கறுத்த அந்நியன்' என்றுதான் பொருள், அது வடக்கிலிருந்து கடல்வழி வந்து கொள்ளையடித்துக் குடியேறிய வைக்கிங்குகளின் காலத்து மிச்சம். பஸ்ஸில் ஒருவர் உன்னிடம் "அது சரி, நிஜமாக எந்த ஊர்" என்று விடாமல் கேட்டு நீ வீட்டுக்கு வந்து அழுதாயே, அன்று எனக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அந்நியன் என்று பெயர் போட்டுக்கொண்டே அந்த மண்ணின் சொந்தக்காரர்களாக ஆனவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், நாளைக்கு உன் பிள்ளையும் அந்தப் பெயரோடு அங்கே நிற்கும்.

எல்லாம் பெருமை மட்டும் இல்லை, இதையும் எழுதிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் நான்ட் துறைமுகத்தில் அன்டோன் வால்ஷ் என்று ஒரு கப்பல் முதலாளி இருந்தார், நாட்டைவிட்டுப் போன ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளை. 1745இல் பிரிட்டன் அரியணைக்கு உரிமை கேட்டுக் கிளம்பிய இளவரசர் சார்ல்ஸ் ஸ்டூவர்ட்டை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோய் இறக்கியது அவருடைய கப்பல் என்று புகழ்கிறார்கள். அவர் பணம் சேர்த்தது ஆப்பிரிக்க மனிதர்களை அடிமைகளாக வாங்கிக் கரீபியனில் விற்று. நிலம் பறிபோன குடும்பங்களின் கதையைப் படித்துவிட்டு இதைப் படிக்கும்போது மனசு கனத்துவிட்டது.

கரீபியன் என்றதும் எனக்கு வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சாளர் கோர்ட்னி வால்ஷ்தான். மாப்பிள்ளை முதன்முதலில் தன் முழுப் பெயரைச் சொன்னபோது என் மனசில் வந்த முகம் அவருடையது. ஜமைக்காவில் ஐரிஷ் பெயர்கள் ஏராளம். 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரிஷ் கூலிகளும் பண்ணை முதலாளிகளும் அங்கே போனார்கள், அடிமைகளாக இருந்த பலருக்கு முதலாளியின் பெயரே ஒட்டிக்கொண்டது. கோர்ட்னி அந்தத் தீவில் பிறந்து டெஸ்டில் 519 விக்கெட் எடுத்தார், 500ஐத் தொட்ட முதல் ஆள். 1987 உலகக் கோப்பையில் லாகூர் ஆட்டம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசிப் பந்து, பாகிஸ்தானுக்கு 2 ரன் வேண்டும், கடைசி ஜோடி. வால்ஷ் ஓடி வருகிறார், பந்து வீசும் முனையில் நின்ற பாகிஸ்தான் ஆட்டக்காரர் சலீம் ஜாஃபர் பந்து போடுவதற்கு முன்பே கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். பெய்லைத் தட்டினால் ஆட்டம் முடிந்தது. வால்ஷ் தட்டவில்லை. நின்று, எச்சரித்துவிட்டு, திரும்பிப் போய் மறுபடி போட்டார். அப்துல் காதிர் அடித்து ஜெயித்தார், வெஸ்ட் இண்டீஸ் அரையிறுதிக்கே போகவில்லை. குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் இந்தக் கதையை நான்தான் சொல்வேன், நீங்கள் முந்திக்கொள்ளக் கூடாது.

முன்பெயர் உங்கள் இருவர் விருப்பம். தமிழ்ப் பெயராக இருந்தால் எனக்குச் சந்தோஷம், ழகரம் வராமல் பார்த்துக்கொண்டால் அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளை பாடு சுலபமாக இருக்கும்.

அப்புறம் ஒரு வேலை. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இலவசமாகக் கிடைக்கிறது, ஒவ்வொரு வீட்டின் படிவமும் படமாகவே இருக்கிறது, வயசு, தொழில், ஐரிஷ் பேசத் தெரியுமா என்பது வரைக்கும். மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா வீடு எந்த ஊர் என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டுத் தேடிப் பார். கிடைத்தால் உடனே வாட்ஸாப்பில் அனுப்பு, பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்கிறாள் அம்மா.

அன்புடன்,
அப்பா